கையெழுத்துக்கு முன் ஒரு மழை பெய்யட்டும்

டிசம்பர் மாதம், இரண்டு நாள் விடாமல் பெய்த மழை ஓய்ந்திருந்தது. சிங்கப்பூர் தேக்காவில் வாங்கிய சாமான்களை வைக்கக் காரின் பின்பக்கச் சாமான் பகுதியான ‘பூட்’ கதவைத் திறந்தேன். ஈரச் சாக்கு வாடை முகத்தில் அடித்தது. விரிப்பைத் தூக்கி, அதற்கு அடியிலிருந்த பலகையையும் தூக்கிப் பார்த்தேன். ஸ்பேர் டயர் படுத்திருக்கும் குழியில் மூன்று விரற்கடை தண்ணீர் நின்றது. ஜாக்கியின் திருகு துருவேறிச் செம்மண் நிறமாகியிருந்தது.

அதற்கு ஆறு வாரம் முன்புதான், தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை, தீவு விரைவுச்சாலையில் தோ பாயோ பக்கம் வண்டிகள் நின்றுநின்று நகர்ந்துகொண்டிருந்தபோது ஒரு வேன் பின்னால் வந்து இடித்தது. ஓட்டி வந்த பையன் நம் ஆள்தான். இறங்கி ஓடி வந்து, “ஸாரிண்ணே, கண் அசந்துட்டேன். இன்சூரன்ஸுக்கெல்லாம் போக வேண்டாம்ணே, நானே முந்நூறு வெள்ளி தந்துடறேன்” என்றான். பார்த்தால் எனக்கும் பெரிய சேதமாகத் தெரியவில்லை. பம்பரில் ஒரு பள்ளம், உடைந்த விளக்குக் கண்ணாடி, அவ்வளவுதான். ஆனாலும் முறைப்படி அறிக்கை கொடுத்தேன். எதிர்த் தரப்புக் காப்புறுதி நிறுவனம் பழுதுச் செலவை ஒப்புக்கொண்டது. கார் பளபளவென்று திரும்பி வந்த அன்றே, பட்டறைக் கல்லாவில் நீட்டிய ஒரு தாளில் நின்றபடியே கையெழுத்துப் போட்டேன்.

அந்தத் தாள்தான் டிஸ்சார்ஜ் வவுச்சர். குழியில் தண்ணீரைப் பார்த்த அன்றுதான் அதை முதல் முறையாக முழுவதும் வாசித்தேன். “இவ்விபத்து தொடர்பான அனைத்துக் கோரிக்கைகளுக்கும் முழுமையான, இறுதியான தீர்வு” என்ற பொருளில் ஒரு வரி அதில் இருந்தது. வேறொரு பட்டறையில் பின்பக்கத் தகட்டைப் பிரித்துப் பார்த்தார்கள். இடித்த வேகத்தில் பூட் பகுதியின் தரைத்தகடும் பின்சுவர்த் தகடும் சேரும் தையல் ஒரு சாண் நீளத்துக்கு விரிந்திருந்தது. மேலே புது பம்பர் மாட்டியிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. விபத்தால் வந்த சேதம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் கேட்கும் உரிமையை நான் கார் திரும்பி வந்த அன்றே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். 780 வெள்ளி என் பையிலிருந்து போனது.

நம் ஆட்களில் பலர் இதே இடத்தில் பணத்தை விடுகிறார்கள். தவறு தன் மேல் இல்லை என்றால் எல்லாம் தானாகக் கிடைத்துவிடும் என்று நம்பி, பழுது முடிந்ததும் விஷயமே முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். அப்படி இல்லை என்பதைப் புதிதாக ஓட்டுபவர்களுக்கும் புரியும்படி எழுதிப் பார்க்கிறேன்.

இடித்தவர் எதற்கெல்லாம் பொறுப்பு?

சட்டத்தின் அடிப்படை எளிமையானது. தவறு முழுக்க எதிராளி மேல் என்றால், விபத்துக்கு முந்தின நிமிடம் நீங்கள் எந்த நிலையில் இருந்தீர்களோ அதே நிலைக்கு, பணத்தால் முடிந்த அளவுக்கு, அவர் உங்களைக் கொண்டுவந்து விட வேண்டும். அதற்குக் குறையவும் கூடாது, கூடவும் கூடாது. எட்டு வருடக் காரின் தேய்ந்த டயருக்குப் பதில் புது டயர் போட்டால், புதுசுக்கும் பழசுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழிக்கச் சொல்லி எதிர்த் தரப்பு வாதாடலாம். செலவை வீணாகப் பெருக்காமல் இருக்கும் கடமை உங்களுக்கும் உண்டு.

நடைமுறையில் பணம் கொடுப்பது இடித்தவருடைய காப்புறுதி நிறுவனம். அந்தப் பணத்தை வாங்க இரண்டு வழிகள். உங்கள் சொந்தக் காரின் சேதத்துக்கும் ஈடு தரும் முழுக் காப்புறுதி இருந்தால், முதலில் உங்கள் காப்புறுதி நிறுவனத்தின் மூலமே பழுதுபார்த்துக்கொள்ளலாம். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் எக்ஸஸ் என்கிற முதல் பங்கை நீங்கள் கட்ட வேண்டும், என்சிடி என்கிற கிளெய்ம் இல்லாச் சலுகைக்கும் ஆபத்து. உங்கள் நிறுவனம் பிறகு எதிர்த் தரப்பிடம் முழுச் செலவையும் வசூலித்துவிட்டால் அவற்றைத் திரும்பப் பெற வழியுண்டு. இரண்டாவது, நேராக இடித்தவரின் காப்புறுதி நிறுவனத்திடம் கேட்பது. எக்ஸஸ் கிடையாது, சலுகைக்கும் பாதிப்பு இல்லை. ஆனால் பொறுப்பு யாருடையது என்று அவர்கள் ஒப்புக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டும்.

என்சிடி பற்றிக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம், ஏனென்றால் இதன் பெறுமானம் பலருக்குத் தெரிவதில்லை. தனியார் காருக்கு, கிளெய்ம் இல்லாத ஒவ்வொரு ஆண்டுக்கும் 10 விழுக்காடு ஏறி, ஐந்து ஆண்டில் 50 விழுக்காட்டில் நிற்கும். ஒரு கிளெய்ம் உங்கள் கணக்கில் ஏறினால் 50 விழுக்காடு 20க்கு இறங்கும். சலுகைக்கு முந்தைய சந்தா 2,000 வெள்ளி என்று வையுங்கள். 1,000 கட்டியவர் அடுத்த ஆண்டு 1,600 கட்டுவார், பிறகு 1,400, பிறகு 1,200. பழைய இடத்துக்கு வந்துசேர்வதற்குள் 1,200 வெள்ளி கூடுதலாகப் போயிருக்கும். அந்த வேன் பையன் தருவதாகச் சொன்ன முந்நூறுடன் இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதல் வழியில் போனவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. உங்கள் நிறுவனம் பழுதுக்குச் செலவழித்த பணத்தைத்தான் எதிர்த் தரப்பிடம் துரத்தும். நீங்கள் கட்டிய எக்ஸஸ், வாடகைக் கார் செலவு, இழுவை வண்டிக் கட்டணம் ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்கச் சொல்லி நீங்களே எழுத்தில் கேட்க வேண்டும்.

முதல் 24 மணி நேரம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொதுக் காப்புறுதிச் சங்கம் 2008ல் கொண்டுவந்த நடைமுறைப்படி, எவ்வளவு சிறிய விபத்தாக இருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் உங்கள் காப்புறுதி நிறுவனத்திடம் அறிக்கை கொடுத்தாக வேண்டும். உங்கள் மேல் தவறில்லை என்றாலும், நீங்கள் உங்கள் பாலிசியில் ஒரு காசும் கேட்கப்போவதில்லை என்றாலும் கொடுக்க வேண்டும். தவறினால் என்சிடியை இழக்க நேரிடலாம், நாளை எதிராளி உங்கள் மேல் வழக்குப் போட்டால் உங்கள் நிறுவனம் கைவிரித்துவிடவும் கூடும். யாருக்காவது அடிபட்டிருந்தாலோ, பாதசாரியோ சைக்கிளோட்டியோ சம்பந்தப்பட்டிருந்தாலோ, வெளிநாட்டு வாகனமாக இருந்தாலோ, இடித்தவர் ஓடிவிட்டாலோ போலீஸ் புகாரும் தேவை. ஜோகூர் எண் தகடுள்ள வண்டி இடித்தால் “பரவாயில்லை, போகட்டும்” என்று விட்டுவிடாதீர்கள்.

விபத்து நடந்த சற்று நேரத்தில் எங்கிருந்தோ ஓர் இழுவை வண்டி வந்து நிற்கும். “நான் எல்லாம் பார்த்துக்கறேன்” என்பார் ஒருவர். யார் அனுப்பியது என்று தெரியாமல் காரை ஒப்படைக்க வேண்டாம். விரைவுச்சாலையில் நின்றுபோன வாகனத்தை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி அருகிலுள்ள கார் நிறுத்துமிடம்வரை இலவசமாக இழுத்துச் சென்று விடும். அங்கிருந்து உங்கள் காப்புறுதி நிறுவனத்தை அழைத்தால் போதும்.

கண்ணுக்குத் தெரியாத சேதம்

இங்கேதான் நின்று பேச வேண்டும். இன்றைய கார்களின் பம்பர் வெறும் பிளாஸ்டிக் தோல். இடிபட்டால் உள்ளே அமுங்கி, பாதி தானாகவே வெளியே வந்துவிடும். அதற்குப் பின்னால் இருக்கும் குறுக்குச் சட்டம் வளைந்திருக்கலாம், அந்தச் சட்டத்தைத் தாங்கும் நீளச் சட்டங்கள் அரை விரற்கடை தள்ளிப்போயிருக்கலாம். பூட் கதவு மூடும்போது ஒரு பக்கம் இடைவெளி கூடுதலாகத் தெரிவது, நேர்ச்சாலையில் கையை விட்டால் கார் ஒரு பக்கமாக இழுப்பது, மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டும்போது ஸ்டியரிங் நடுங்குவது எல்லாம் அதன் அடையாளங்கள். பம்பருக்குள்ளேயும் முன்கண்ணாடிக்குப் பின்னேயும் இருக்கிற ரேடார், கேமரா இன்னொரு தலைவலி. பார்ப்பதற்கு எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் மறுபடி அளவமைவு செய்யாவிட்டால் தானியங்கி பிரேக் தேவையில்லாத இடத்தில் பிடிக்கும், தேவையான இடத்தில் பிடிக்காது.

இவற்றை இடித்தவரின் காப்புறுதி நிறுவனத்திடம் கேட்க வேண்டுமென்றால், அவர்களுடைய சேத மதிப்பீட்டாளரான சர்வேயர் சேதத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆள்காயம் இல்லாத வாகன விபத்து வழக்குகளுக்கு அரசு நீதிமன்றங்கள் வகுத்திருக்கும் முன்நடைமுறை இதைத் தெளிவாகச் சொல்கிறது. பழுது வேலையைத் தொடங்கும் முன் எதிர்த் தரப்புக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, இரண்டு வேலை நாளுக்குள் வந்து பார்த்துக்கொள்ள வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டு முதலில் பழுதுபார்த்துவிட்டால், அந்தச் சேதம் இந்த விபத்தில்தான் வந்தது என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் ஏறும்.

சர்வேயர் வரும்போது கார் பெரும்பாலும் முழுசாக நிற்கும். பம்பரைக் கழற்றிய பிறகுதான் உள்ளே இருப்பது தெரியும். அப்படி ஏதாவது தெரிந்தால் பட்டறைக்காரர் வேலையை நிறுத்தி, படம் எடுத்து, சர்வேயருக்குச் சொல்லி, கூடுதல் சேதமாக ஒப்புதல் வாங்கிய பிறகே தொடர வேண்டும். இதைக் காரை விடும் அன்றே பட்டறைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: “அண்ணே, கழற்றினதும் எனக்கொரு போன் அடிங்க, நான் வந்து பார்க்கிறேன்.” ஊபியிலோ சின் மிங்கிலோ காக்கி புக்கிட்டிலோ இருக்கும் பட்டறைக்கு மதிய உணவு நேரத்தில் ஒரு நடை போய் வந்தால் போதும். பிரித்துப் போட்ட நிலையில் உங்கள் கைப்பேசியில் எடுத்த நாலு படத்துக்கு இருக்கும் மதிப்பு, பின்னால் எழுதும் நாற்பது மின்னஞ்சலுக்கு இல்லை. நான் போயிருந்தால் அந்த விரிந்த தையல் என் கண்ணில் பட்டிருக்கும்.

காரைத் திரும்ப எடுக்கும்போது சக்கர அளவமைவு எடுத்த அச்சுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். பழுதுக்கு முன் எடுத்த அளவும் பின் எடுத்த அளவும் அதில் இருக்க வேண்டும். மாற்றிய பாகங்களின் பட்டியலை ரசீதோடு சேர்த்து வாங்குங்கள். குழந்தை இருக்கை காரில் இருந்ததா? சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்குத் தகுந்த இருக்கை கட்டாயம். பலமான இடிக்குப் பிறகு அந்த இருக்கையை மாற்றிவிடச் சொல்லித்தான் தயாரிப்பாளர்கள் கையேட்டில் போடுகிறார்கள். அதுவும் விபத்தால் வந்த இழப்பே. கையேட்டின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக் கோரிக்கையோடு சேர்த்துவிடுங்கள்.

பிறகு தெரியவரும் குறையில் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். விபத்தால் வந்து, யாரும் பார்க்காமல் விட்ட சேதம் ஒரு வகை. அது இடித்தவர் பொறுப்பு. பட்டறை ஒழுங்காக வேலை செய்யாததால் வந்த குறை இன்னொரு வகை: பெயிண்ட் உரிவது, திருகு சரியாக முடுக்காததால் கடகடப்பது, ரப்பரை ஒழுங்காக ஒட்டாததால் கசிவது. அது பட்டறையின் பொறுப்பு. இரண்டையும் குழப்பினால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார்கள், நடுவில் நீங்கள் நிற்பீர்கள். எது எந்த வகை என்று தெரியாவிட்டால், விக்கம், எஸ்டிஏ போன்ற பரிசோதனை நிலையத்திலோ சம்பந்தமில்லாத வேறொரு பட்டறையிலோ காரைக் காட்டி எழுத்தில் அறிக்கை வாங்குங்கள்.

கார் இல்லாத நாள்கள்

பட்டறையில் கார் கிடக்கும் நாள்களுக்கும் கேட்கலாம். வாடகைக் கார் எடுத்தால் ரசீது வேண்டும், உங்கள் காரின் தரத்துக்கு ஒத்ததாக இருக்க வேண்டும். ஏழு வருடச் சிறிய காருக்குப் பதில் சொகுசுக் கார் எடுத்தால் தரமாட்டார்கள். வாடகைக்கு எடுக்காமல் பேருந்திலும் எம்ஆர்டியிலும் சமாளித்தவர்களும், கார் பயன்படுத்த முடியாமல் போனதற்கு நாள் கணக்கில் ஒரு தொகை கேட்கலாம். எத்தனை நாள் என்பதைச் சர்வேயர் நியாயமென்று சொல்லும் பழுதுநாள்களோடு, அவர் வந்து பார்க்கக் காத்திருந்த நாள்களையும் சேர்த்துப் பார்ப்பார்கள். நீங்களாகத் தள்ளிப்போட்ட நாள்கள் கணக்கில் வராது.

தனியார் வாடகைக் காரோ டாக்சியோ ஓட்டிப் பிழைப்பவர்களுக்கு இதுதான் மிகப் பெரிய இழப்பு. அதைக் கேட்கவே கூச்சப்படுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கூச்சம் வேண்டாம், அது உங்கள் சோறு. விபத்துக்கு முந்தின சில வாரங்களின் வருமானக் கணக்கைச் செயலியிலிருந்து இறக்கி வையுங்கள். அதில் பெட்ரோல் போன்ற மிச்சப்பட்ட செலவைக் கழித்து, மீதியை நாள் கணக்கில் காட்டுங்கள். வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டுபவர் என்றால், ஓட்ட முடியாத நாள்களுக்கும் கட்டிய வாடகையின் ரசீதைச் சேருங்கள்.

விபத்துக் கார் என்ற பெயர்

நன்றாகப் பழுதுபார்த்த காரைக்கூட விற்கப் போனால் வாங்குபவர் முதலில் கேட்பது “ஆக்ஸிடென்ட் ஆச்சா?” என்பதுதான். பெயிண்டின் தடிமனை அளக்கும் சிறு கருவியை வைத்தே சொல்லிவிடுவார்கள். அந்த விலைக்குறைவை இடித்தவரிடம் கேட்கலாமா? கொள்கையளவில் கேட்கலாம். பழுதுக்குப் பின்னும் மீந்து நிற்கும் மதிப்பிழப்பும் இழப்புதான். ஆனால் நிரூபிக்க வேண்டியது நீங்கள். எதிர்த் தரப்பு எளிதில் சம்மதிக்காது.

சிங்கப்பூரில் ஒரு காரின் விலையைப் புரிந்துகொண்டால் எப்போது கேட்பது, எப்போது விடுவது என்று தெரியும். நம் ஊரில் காரின் விலையில் ஒரு பெரும் பங்கு தாளில் இருக்கிறது. சிஓஇ என்கிற வாகன உரிமைச் சான்றிதழில் மீதமிருக்கும் காலத்துக்கும், பத்து வருடத்துக்குள் பதிவை ரத்துச் செய்தால் கிடைக்கும் கழிவுக்கும் உள்ள மதிப்பு அது. கார் இடிபட்டதால் அந்தத் தாள் மதிப்பு குறையாது. குறைவது மிச்சமிருக்கும் உடல் மதிப்பு மட்டும். ஆகவே ஒன்பதாவது வருடத்தில் இருக்கும் காருக்கு, பம்பர் மட்டும் மாற்றிய காருக்கு, இதைத் துரத்துவது வீண் அலைச்சல் என்பது என் கருத்து. இரண்டு மூன்று வயதான கார், சட்டத்தையோ தூணையோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்றால் நிச்சயம் கேளுங்கள். விபத்துக்கு முன் என்ன விலை போயிருக்கும், இப்போது என்ன விலை போகும் என்று ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத இரண்டு மதிப்பீட்டாளர்களிடம் எழுத்தில் வாங்கி, பழுதுப் பட்டியலோடு சேர்த்துக் கொடுங்கள். வாய்வார்த்தையாக “மதிப்பு போச்சு” என்பது செல்லாது.

அந்தத் தாள்

இப்போது டிஸ்சார்ஜ் வவுச்சருக்கு வருவோம். காப்புறுதி நிறுவனம் பணம் கொடுக்கும் முன் கையெழுத்து வாங்கும் தாள் இது. பழுதுச் செலவுக்கு மட்டும் என்று இருக்கிறதா, எல்லாக் கோரிக்கைகளுக்கும் என்று இருக்கிறதா? இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எல்லாம் என்றிருந்தால், வாடகைக் கார், மதிப்பிழப்பு, பின்னால் தெரியவரும் சேதம் எல்லாவற்றுக்கும் அதோடு கதவு சாத்தியாகிவிடும். கழுத்து வலியோ முதுகு வலியோ இருந்தால் இன்னும் கவனம் தேவை. உடல்காயத்துக்கான கோரிக்கை இதில் அடங்காது என்று எழுதி வாங்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

இன்னொரு தாளும் வரும். உங்கள் சார்பில் கோரிக்கை நடத்தப் பட்டறைக்கோ வழக்கறிஞருக்கோ நீங்கள் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். பணம் யார் கைக்குப் போகும், கோரிக்கை தோற்றால் பட்டறைச் செலவை யார் கட்டுவது, உங்களைக் கேட்காமல் குறைந்த தொகைக்கு ஒப்புக்கொள்ள அவர்களுக்கு அதிகாரம் உண்டா என்ற மூன்று கேள்விகளுக்கும் அதில் பதில் இருக்க வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் சாவியை வாங்கிக்கொண்டு வேறு பட்டறைக்குப் போங்கள்.

அவசரப்படுத்துவார்கள். அவசரப்பட வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. பொருள்சேதத்துக்கு வழக்குப் போடச் சட்டம் விபத்து நாளிலிருந்து 6 ஆண்டு தருகிறது, உடல்காயத்துக்கு 3 ஆண்டு. அதற்காக ஆண்டுக்கணக்கில் இழுக்கச் சொல்லவில்லை. சாட்சி மறந்துவிடும், கேமராப் பதிவு அழிந்துவிடும். கார் கைக்கு வந்த பிறகு இரண்டு மூன்று வாரம் வழக்கம்போல் ஓட்டிப் பார்க்கும் அவகாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுத்தால் எங்கே போவது?

3,000 வெள்ளிக்குக் குறைவான, ஆள்காயம் இல்லாத விபத்துக் கோரிக்கை என்றால் நேரே நீதிமன்றம் போக முடியாது. முதலில் ஃபிட்ரெக் என்ற சச்சரவுத் தீர்வு நிலையத்துக்குப் போக வேண்டும். முதலில் சமரசப் பேச்சு, அது நடக்காவிட்டால் ஒரு தீர்ப்பாளர் கேட்டு முடிவு சொல்வார். அதற்கு மேல் 60,000 வெள்ளிவரையுள்ள கோரிக்கைகள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே வழக்கறிஞரின் துணை இருந்தால் நல்லது.

பலர் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போய் ஏமாந்து திரும்புகிறார்கள். 20,000 வெள்ளிவரை, வழக்கறிஞர் இல்லாமல், குறைந்த செலவில் முடிக்கலாம் என்று கேள்விப்பட்டுப் போகிறார்கள். ஆனால் வாகன விபத்தால் வந்த பொருள்சேதத்தை அந்த மன்றம் விசாரிக்காது, சட்டமே அதை விலக்கி வைத்திருக்கிறது. அதேசமயம், நீங்கள் வேலைக்கு ஒப்படைத்த பட்டறை ஒழுங்காகப் பழுதுபார்க்கவில்லை என்ற புகார், சேவை ஒப்பந்தம் பற்றிய சச்சரவு. அதை அங்கே கொண்டுபோகலாம், இரண்டு ஆண்டுக்குள். எந்த வகைக் குறை என்று பிரித்துப் பார்க்கச் சொன்னேனே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

இடித்தவரிடம் காப்புறுதியே இல்லை, அல்லது இடித்துவிட்டு ஓடிவிட்டார் என்றால்? வாகனக் காப்புறுதியாளர் வாரியம் என்று ஒன்று இருக்கிறது. அது உடல்காயத்துக்கும் உயிரிழப்புக்கும் மட்டும்தான், நசுங்கிய காருக்கு அல்ல. சட்டம் கட்டாயமாக்கியிருப்பதும் ஆளுக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்புறுதியைத்தான். அப்போது உங்கள் முழுக் காப்புறுதிதான் துணை, ஆள் கிடைத்தால் அவர் மேல் நேரடியாக வழக்கும் போடலாம். சந்தா மிச்சமாகும் என்று, எதிராளியின் இழப்புக்கு மட்டும் ஈடு தரும் மூன்றாம் தரப்புக் காப்புறுதியோடு நிறுத்திக்கொண்டு ஓட்டுபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

போன வருடம் செங்காங்கில் என் மைத்துனன் காரின் பக்கவாட்டில் ஒரு லாரி உரசி இடித்தது. இரண்டு கதவும் அடித்தூணும் போயின. பட்டறையில் கதவைக் கழற்றிய அன்று போய்ப் படமெடுத்தான். தூணுக்கு அடியில் மடிந்திருந்த தகடு கூடுதல் சேதமாகச் சேர்ந்தது. கார் வந்து ஒரு வாரத்தில் வலது பக்கம் இழுக்கிறது என்று கண்டுபிடித்தான். அளவமைவுத் தாளோடு சர்வேயருக்கு எழுதினான், அதையும் ஒப்புக்கொண்டார்கள். டிஸ்சார்ஜ் வவுச்சர் மட்டும் மூன்று வாரமாக அவன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில், காந்த வில்லைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. “பட்டறையிலிருந்து தினமும் கூப்பிடறாங்க அத்தான், போட்டுடவா?” என்று கேட்டான். மழை வரட்டும் என்றேன். ஒரு ஞாயிறு பிற்பகல் கொட்டித் தீர்த்தது. மழை விட்டதும் கீழே இறங்கிப் போய், கதவோரக் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்துப் படம் அனுப்பினான். காய்ந்த தரை. மறுநாள் காலை கையெழுத்துப் போட்டான்.